டெஸ்டிங் வீட்டு மாடியில் நாங்கள் ஃபெயிலான கதை

கோயமுத்தூரில் எனக்குத் தெரிந்த ஒரு மனிதர், உடைத்துப் பார்க்காமல் எந்தப் பொருளையும் உறுதியானது என்று ஒத்துக்கொள்ளவே மாட்டார். பொருள் உடைந்துவிட்டால், "பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னனில்லீங்க" என்பார். உடையாவிட்டால், "இன்னுங் கொஞ்சம் எச்சா லோடு போட்டிருக்கோணும்" என்று வருத்தப்படுவார். எப்படியும் ஜெயிப்பது அவர்தான், மாட்டிக்கொள்வது பொருள்தான்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். பீளமேட்டில் அந்தத் தெருவுக்கு அவர் வெறும் 'டெஸ்டிங்'. ஒரு பம்ப்செட் கம்பெனியின் டெஸ்டிங் செக்‌ஷனில் காலமெல்லாம் இருந்தவர். கம்பெனியை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு மோட்டாரையும் பெஞ்சில் மாட்டி, சும்மா ஒரு தரம் ஓட்டி, லோடு போட்டு ஒரு தரம் ஓட்டி, தாங்குமா என்று அதற்கு மேலும் கொஞ்சம் ஏற்றி, பாஸ் அல்லது ஃபெயில் என்று ஒரு அட்டையைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுவது அவர் வேலை. தொண்ணூறுகளில் ஆட்குறைப்பு வந்து கம்பெனி அவரை விட்டுவிட்டது. அவர்தான் டெஸ்டிங்கை விடவில்லை.

புதுக் குடை வாங்கினால் நாமெல்லாம் மழைக்குக் காத்திருப்போம். இவர் வாங்கிய அன்றைக்கே குழாயடியில் அதைப் பிடித்துப் பார்த்தார். மழை காற்றோடும் வருமே என்று, ஓடுகிற டவுன் பஸ் ஜன்னலுக்கு வெளியே விரித்து நீட்டினார். குடை சிங்காநல்லூரில் இறங்கிக்கொண்டது, அவர் அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் தேடிக்கொண்டு வந்தார். உடையாது என்று ஒரு கடைக்காரர் சத்தியம் செய்த பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் முதலில் தான் ஏறி நின்றார், அது தாங்கிய கோபத்தில் தெருவில் போன இளநீர்க்காரரையும் கூப்பிட்டுத் தன்னோடு ஏற்றிக்கொண்டார். அந்தக் கடையில் அதற்கப்புறம், 'நாற்காலியில் உட்கார மட்டும் செய்யவும்' என்று போர்டு வைத்தார்கள்.

பெண் பார்க்கப் போன இடத்திலும் இதே கதைதான். பெண் பாடுவாள் என்றார்களாம். பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நல்லாருக்குதுங்க, அம்மணி சாப்புட்டு வந்து அதே பாட்டை இன்னொருக்காப் பாடட்டும்" என்றாராம். வயிறு காலியாக ஒரு தரம், வயிறு நிறைந்து ஒரு தரம். பிறகு அவர் மனைவியாகிவிட்ட அந்த அக்காவேதான் இதை என்னிடம் சொன்னார். "நான் அன்னைக்கே எந்திரிச்சு உள்ள போயிருக்கோணும் கண்ணு, புத்தி கெட்டுப்போய் ரெண்டாந்தரமும் பாடிப்போட்டேன்" என்றார்.

இப்பேர்ப்பட்டவர் வீட்டு மாடிக்குத்தான் நானும் ஸ்டீபனும் குடிபோனோம்.

அப்போது நான் எம்.ஃபில். மாணவி. ஸ்டீபன் எம்.சி.ஏ. கடைசி வருஷம். சாயங்காலங்களில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்துவான். எங்கள் வீட்டார் உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்புக்காரர்கள். ஸ்டீபனின் அப்பாவும் தாத்தாவும் தொண்டாமுத்தூர்ப் பக்கம் அடுத்தவர் தோப்பில் தேங்காய் பறித்தவர்கள். இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக இருந்தது தேங்காய் ஒன்றுதான், அதை வைத்துக்கொண்டு சம்பந்தம் பேச முடியுமா? பேசவில்லை. ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவன் அவனுடைய ஹாஸ்டலுக்கும் நான் என்னுடைய ஹாஸ்டலுக்கும் போய்ச் சேர்ந்தோம். கணவனும் மனைவியும் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில், புறப்படப்போகிற டவுன் பஸ்ஸின் உறுமலுக்கு நடுவே குடும்பம் நடத்தினோம். கல்யாணத்துக்கு முன்னால் இதைவிட அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

விஷயம் எங்கள் வார்டனுக்கு எட்டியது. நல்ல மாதிரி அம்மாள், மாதக் கடைசி வரை பொறுத்துக்கொள்கிறேன் என்றார். அதற்குள் வீடு பிடிக்காவிட்டால் நான் உடுமலைக்கு பஸ் ஏற வேண்டியதுதான். ஏறினால் திரும்பி வர விடமாட்டார்கள் என்பது எனக்கும் ஸ்டீபனுக்கும் நன்றாகவே தெரியும்.

கோயமுத்தூர்க்காரர்கள் வீடு இல்லை என்று சொல்வதே ஒரு அழகு. "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க. எந்த ஊருங்க? அம்மணி யாரு ஊட்டுப் புள்ளைங்க? தம்பி எந்தப் பக்கமுங்க? அப்பா என்ன பண்றாருங்க?" ஸ்டீபன் ஒளிக்காமல் பதில் சொல்வான். அவர்கள் முகம் கொஞ்சமும் மாறாது. "அப்படீங்களா, ரொம்ப சந்தோசமுங்க. எங்க மச்சினன் வாரேன்னு சொல்லியிருக்கறாருங்க, அவரு வல்லீன்னா சொல்லி அனுப்பறமுங்க." இத்தனை 'ங்க' போட்டுச் சொன்னதில் வீடு கிடைத்துவிட்டது என்று நம்பித் தெருமுனை வரை சிரித்துக்கொண்டே வருவோம். டீக்கடையில் நின்று யோசித்தால்தான் விரட்டிவிட்டார்கள் என்று புரியும். கோயமுத்தூரில் அந்த மாதம் எல்லாருக்கும் ஒரு மச்சினன் வருவதாக இருந்தான்.

இதற்கிடையே நாங்கள் ஒரு பட்ஜெட் போட்டோம். கம்ப்யூட்டர் சென்டரின் பிரிண்டரில், இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்ட நீளத் தாளில், சர் சர்ரென்று சத்தத்தோடு அச்சாகி வந்தது. என் உதவித்தொகை, அவன் சென்டர் பணம். செலவில் வாடகை, அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், பஸ் பாஸ், சோப்பு. எத்தனை தரம் கூட்டினாலும் தொகை மேலே போய் நின்றது. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்த ஸ்டீபன் தேங்காயில் கை வைத்தான்.

"தேங்காயை எடுத்தாத்தான் வாடகை நிக்குது" என்றான்.

"தேங்காய் இல்லாம எப்படிச் சமைக்கறது?"

"எங்கூட்டுல சமைச்சிருக்கோம்."

"தேங்காய் பறிக்கற ஊட்டுலயா?"

"பறிக்கற ஊட்டுலதான்" என்றான். நானே பேனாவை வாங்கி அடித்தேன். உடுமலைப் பெண்ணொருத்தி தன் கையால் தேங்காயை அடித்தது எங்கள் பக்கத்துச் சரித்திரத்திலேயே அதுதான் முதல் முறையாக இருக்க வேண்டும்.

அந்தத் தாளோடுதான் டெஸ்டிங் வீட்டுக்குப் போனோம். கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு. ஆனால் வாசலில் 'ஃபிளாட்ஸ்' என்று பன்மையில் பலகை. மேல் ஃபிளாட் வெகுநாளாகக் காலி. மொட்டை மாடி எத்தனை பாரம் தாங்கும் என்று பார்க்க, கட்டிய கையோடு லோடுமேன்களைச் சிமெண்ட் மூட்டையோடு குதிக்கவிட்டதில் குளியலறைக் கூரையில் ஒரு விரிசல் ஓடியிருந்தது. அதைப் பெருமையாகக் காட்டினார். "இதுக்கு மேல விரியாதுங்க. டெஸ்ட் பண்ணியாச்சு."

பிறகு எங்கள் தாளை வாங்கி மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு படித்தார். நாங்கள் 'எந்த ஊருங்க' என்ற கேள்விக்காக நாற்காலி நுனியில் காத்திருந்தோம். அவர் தாளைத் திருப்பினார், பின்பக்கம் வெறுமையாக இருப்பதைப் பார்த்தார், முகம் சுருங்கிவிட்டது.

"ஏனுங்க, இது நோ லோடுங்க. மோட்டாரு சும்மா சுத்தறதுக்கு ஆகற கரண்டு. லோடு எங்கீங்க?"

"லோடுன்னா?" என்றான் ஸ்டீபன்.

"ஒரம்பரை வந்தா? காய்ச்சல் வந்தா? நோம்பி வந்தா? கண்ணாலத்துக்குக் கூப்புட்டா மொய் வெக்க வேண்டாமுங்களா? செருப்பு அந்து போனா வெறுங்காலோட காலேஜுக்குப் போவீங்களா?" நோம்பி என்றால் பண்டிகை, ஒரம்பரை என்றால் வீட்டுக்கு வரும் விருந்தாளிகள். எங்களைப் பார்க்க யார் வரப்போகிறார்கள் என்று நினைத்து நாங்கள் ஒரம்பரைக்குக் கட்டமே போடவில்லை.

"சமாளிச்சுக்குவமுங்ணா" என்றேன்.

"எல்லா மோட்டாரும் அப்படித்தாஞ் சொல்லும். ஓட்டிப் பாக்கோணுமுங்க. ஒரு மாசம் குடியிருங்க. நான் லோடு போடுவேன். பட்ஜெட் நின்னுச்சுன்னா பாஸு, அக்ரிமெண்ட் போட்டுக்கலாம். எரிஞ்சு போச்சுன்னா அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்துப்போடறேன்."

அவ்வளவுதான். ஊர் கேட்கவில்லை, யாரு வீடு என்று கேட்கவில்லை. மறந்துவிட்டார், ஞாபகம் வருவதற்குள் கிளம்பிவிடலாம் என்று ஸ்டீபன் காலை நான் மிதித்தேன். அக்கா கொடுத்த காபியை இரண்டு பேரும் சுடச்சுட விழுங்கிவிட்டு ஓடிவந்தோம்.

பால் காய்ச்சுகிற அன்றைக்கே முதல் டெஸ்ட். "பொங்கி வழியோணுங்க, இல்லீன்னா வாடகைக்கு இல்லை" என்று அடுப்பருகே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பட்ஜெட்படி நாங்கள் வாங்கியது ஒரு சின்னப் பாக்கெட் பால். எங்களிடம் இருந்த ஒரே பாத்திரமோ ஸ்டீபனின் ஹாஸ்டல் மெஸ்ஸில் இருந்து இரவல் வாங்கி வந்த அண்டா. அதன் அடியில் பால் ஒரு கரை போலக் கிடந்தது. எவ்வளவு கொதித்தாலும் விளிம்புக்கு வந்து சேர அதற்கு வழியே இல்லை. அக்கா மட்டும் வராமல் இருந்திருந்தால் அன்றைக்கே அட்வான்ஸ் கைக்கு வந்திருக்கும். "ஏனுங்க, கீழ போஸ்ட்மேன் வந்திருக்கறாரு" என்று அவரைக் கிளப்பிவிட்டு, தன் வீட்டுப் பாலைக் கொண்டுவந்து சொம்பு சொம்பாக ஊற்றினார். அவர் திரும்பி வந்தபோது பால் பொங்கி அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தது. "பரவால்லீங்க, நல்ல கெப்பாசிட்டி" என்றார்.

அடுத்து வந்தது ஒரம்பரை லோடு. நாங்கள் சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்து வேட்டி கட்டிய மூன்று பேர் படியேறி வந்து, "நாங்க உங்க சித்தப்பாவுங்க" என்றார்கள். மூன்று பேரும் சித்தப்பாவா என்று கேட்டதற்கு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டெஸ்டிங்கோடு வேலை பார்த்து அவரோடு வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஆட்கள். வேலை போன பிறகு யாராவது ஒரு வேலை கொடுத்த சந்தோஷம் அவர்களுக்கு. சட்டியை வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கீழே போய், "ரசம் தண்ணிங்க, ஆனா சிரிச்ச மொகம்" என்று ரிப்போர்ட் கொடுத்தார்கள்.

அந்த வாரமே அக்கா எனக்கு ஒரு உபகாரம் செய்தார். "கண்ணு, அவுரு லோடு அனுப்பற அன்னைக்கு நான் கொடியில செவப்புத் துண்டைப் போட்டு வெக்கறேன். பாத்துட்டு உலையில எச்சா அரிசி போட்டுக்க. அப்படியே ரசமும் கொஞ்சம் பின்னால படியில வெச்சுடறேன்." அது முதல் எங்கள் பட்ஜெட் அந்தச் சிவப்புத் துண்டை நம்பித்தான் ஓடியது.

மொய் லோடு இன்னும் மோசம். எங்களைக் கூப்பிட யாரும் இல்லாததால், தன் தூரத்து உறவில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு எங்களை அழைத்துப்போனார். மாப்பிள்ளையும் தெரியாது, பெண்ணும் தெரியாது. செருப்புக்காக வைத்திருந்த பணத்தை மொய் எழுதினோம். பந்தியில் ஜாங்கிரி நன்றாக இருந்தது, அதுதான் ஆறுதல். வெளியே வரும்போது பெண்ணின் அப்பா வாசல் வரை ஓடிவந்து, "உங்கூட்டுல விசேசம்னா கட்டாயம் சொல்லோணும்" என்று ஸ்டீபன் கையைப் பிடித்துக்கொண்டார். ஸ்டீபனுக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவன் கையைப் பிடித்துப் பேசிய முதல் பெரிய மனிதர் அவர்தான்.

அப்புறம் ஒரு நாள் சண்டை லோடு. பெரிய மீசை வைத்த வைண்டிங் செக்‌ஷன்காரர் ஒருவர் வந்து, "எவண்டா அவன், எங்கூட்டுப் புள்ளையக் கூட்டியாந்து வெச்சிருக்கறவன்" என்று கத்தத் தொடங்கி, பாதியில் இருமல் வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, விட்ட இடம் மறந்துபோய் எங்களிடமே கேட்டார். ஸ்டீபன் எடுத்துக் கொடுத்தான். "நாளைக்கு நெசமா வந்தாத் தாங்கோணுமில்லீங்க?" என்று கீழே இருந்து டெஸ்டிங் விளக்கம் சொன்னார்.

நிஜமாகவே வந்தது.

சனிக்கிழமை. நான் கல்லூரி நூலகத்துக்குப் போயிருந்தேன். ஸ்டீபன் தோசை வார்த்துக்கொண்டிருந்தான். கொடியில் சிவப்புத் துண்டு தொங்கியது. அன்றைக்கு அது நிஜமாகவே துவைத்துக் காயப்போட்ட துண்டு என்பது பாவம் அவனுக்கு எப்படித் தெரியும்? மாவில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பெருக்கி வைத்துக்கொண்டு லோடுக்காகக் காத்திருந்திருக்கிறான். அந்த நேரம் பார்த்துப் படியேறி வந்தார் என் தாய்மாமன். உடுமலையில் இருந்து முதல் பஸ் பிடித்து, என்னைக் கையோடு கூட்டிப்போவது என்று அம்மாவிடம் சபதம் செய்துவிட்டு வந்தவர். ஸ்டீபன் அவரைப் பார்த்ததே கிடையாது.

"ஏண்டா, எங்கூட்டுப் புள்ளையக் கூட்டியாந்து வெச்சிருக்கறவன் நீதானாடா?" என்று வாசலில் நின்று உறுமினார்.

"வாங்க மாமா, வாங்க, செருப்பை அங்க உடுங்க" என்றான் ஸ்டீபன். "போன வாரம் வந்தவரும் இதேதானுங்க சொன்னாரு."

"என்னடா சொல்றே?"

"கொரல் அருமைங்க. அவருக்குப் பாதில இருமல் வந்துபோச்சு. நீங்க எந்த செக்‌ஷனுங்க, ஃபவுண்ட்ரியா?"

"டேய், நான் உடுமலையில இருந்து வாரேண்டா!"

"உடுமலைன்னு வேற சொல்லிக்குடுத்து அனுப்பியிருக்கறாரா! பிரமாதமுங்க."

நான் தெருமுனை திரும்பும்போதே மாமாவின் குரல் கேட்டது. இந்தக் குரலுக்கு எங்கள் தோப்பில் குரங்குகள் கூட இறங்கி ஓடும். படிகளில் தாவி ஏறி வந்து பார்த்தால், மாமா முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்து நிற்கிறார், எதிரே ஸ்டீபன் தோசைத் திருப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மெதுவாகக் கைதட்டிக்கொண்டிருக்கிறான்.

"மாமா!" என்று அலறினேன்.

"நீயும் நல்லாப் பண்றே" என்றான் ஸ்டீபன்.

"ஸ்டீபன், இது நெசமான மாமா."

தோசைத் திருப்பி கீழே விழுந்தது. அடுப்பில் தோசை கருகும் வாசனை வந்தது. யாரும் அதைப் போய்ப் பார்க்கிற நிலையில் இல்லை.

மாமா என் கையைப் பிடித்தார். "நட கண்ணு, போலாம். அம்மா சோறு திங்காமக் கெடக்கறா." ஸ்டீபன் ஒரு அடி முன்னால் வந்தான். அவனை ஏதாவது செய்துவிடுவார்களோ, நான் போகாவிட்டால் அம்மா என்ன ஆவாளோ என்று பயந்து, இன்னொரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில், சத்தம் கேட்டு, பனியனும் லுங்கியுமாக டெஸ்டிங் படியேறி வந்தார்.

"ஆருங்க நீங்க?" என்றார் மாமாவிடம். "இன்னைக்கு நான் லோடு ஒண்ணும் அனுப்புலீங்களே."

"நான் புள்ளைக்குத் தாய்மாமன். புள்ளையக் கூட்டீட்டுப் போக வந்திருக்கறேன்."

"அதெப்படீங்க முடியும்? இன்னும் மாசம் முடியலீங்களே. பெஞ்சுல ஓடீட்டு இருக்கற மோட்டாரைப் பாதில கழட்டக் கூடாதுங்க. மொதலாளியே வந்தாலும் கழட்டக் கூடாதுங்க."

"ஏய்யா, எங்கூட்டுப் புள்ளை மோட்டாரா?"

"மோட்டாருக்கே அந்த மரியாதை இருக்குதுங்க. புள்ளைக்கு இன்னுங் கொஞ்சம் எச்சாக் குடுக்கோணுமில்லீங்க?"

மாமா ஸ்டீபனைக் கை நீட்டிக் காட்டினார். "இந்தப் பையன் ஆரு, என்ன ஆளுகன்னு வெசாரிச்சுத்தான் ஊடு குடுத்தீங்களா?"

"வெசாரிக்கலீங்க" என்றார் டெஸ்டிங். "என்ற ரிப்போர்ட்டுல அப்படியொரு கட்டமே இல்லீங்க. நோ லோடு, ஃபுல் லோடு, ஓவர் லோடு. அவ்வளவுதானுங்க கட்டம்."

அவர் மறக்கவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவருக்கு அந்தக் கேள்வியே கிடையாது. மாமாவின் பிடி தளர்ந்தது. எங்கள் மாமாவுக்கு ஏற்கெனவே கோபத்தில் பாதி ஸ்டீபனின் கைதட்டலில் வீணாகியிருந்தது. மிச்சத்தை எப்படிச் செலவழிப்பது என்று யோசித்தவர், "எந்தக் கம்பெனி மோட்டாரு?" என்று கேட்டார்.

டெஸ்டிங் கம்பெனி பெயரைச் சொன்னார்.

"அடக் கெரகமே! என்ற கெணத்துல எரிஞ்சு போன மோட்டாரு அந்தக் கம்பெனிதானே! அதைப் பாஸ் பண்ணி உட்டது நீங்கதானா?"

டெஸ்டிங்கின் முகம் வெளுத்தது. ஊரே தன்னைக் கிறுக்கு என்றபோதும் சிரித்துக்கொண்டிருந்தவர். இதை அவரால் தாங்க முடியவில்லை. "நான் பாஸ் பண்ணுன மோட்டாரு எரியாதுங்க. கெணத்துல தண்ணி இருந்துச்சுங்களா?"

"தண்ணி இல்லாம மோட்டாரு போடறதுக்கு எனக்கென்ன கிறுக்கா?"

"வோல்டேஜ் பாத்தீங்களா?"

"எங்கூருல கரண்டு வாரதே பெருசு, இதுல வோல்டேஜ் வேற!"

இரண்டு பேரும் எங்கள் பாயில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மோட்டார் விஷயத்தில் கொங்கு நாட்டு விவசாயி ஒருவரும் மோட்டார்க்காரர் ஒருவரும் சண்டைக்கு உட்கார்ந்தால் குடும்ப விவகாரம் எல்லாம் தள்ளி நிற்க வேண்டியதுதான். கருகிய தோசையைச் சுரண்டிவிட்டு நாங்கள் புதிதாக வார்த்தோம். அக்கா இட்லி கொண்டுவந்தார். பேச்சு மும்முரத்தில் மாமா தட்டை இழுத்து வைத்து, தோசையைப் பிய்த்து, சட்னியில் தோய்த்து வாயில் போட்டார். அப்படியே நிறுத்திவிட்டார்.

"கண்ணு, இதென்ன சட்னி?"

"தக்காளி மாமா."

"தேங்காச் சட்னி எங்கே?"

"தேங்கா பட்ஜெட்டுல இல்லீங்க மாமா."

என்னைப் பார்த்தார், ஸ்டீபனைப் பார்த்தார், சுவரில் ஒட்டியிருந்த ஓட்டைத் தாளைப் பார்த்தார். எங்கள் கல்யாணச் செய்தியைக் கேட்டபோது கூட மாமா முகம் அப்படி இடிந்து போயிருக்காது. "எங்கூட்டுப் புள்ளை தேங்கா இல்லாமத் திங்குதா!" என்றார். கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். என் கையைத் திரும்பப் பிடிக்கவில்லை. படியில் இறங்கும்போது திரும்பி நின்று, "நான் ஒண்ணும் சமாதானம் ஆயிப்போடலை, சொல்லிப்போட்டேன்" என்றார்.

அடுத்த வாரம் உடுமலை பஸ் கண்டக்டர் ஒரு மூட்டைத் தேங்காயை இறக்கிவிட்டுப் போனார். அனுப்பியது யார் என்று அவர் சொல்லக் கூடாதாம். மட்டையோடு இருந்த அத்தனையையும் ஸ்டீபன் கடப்பாரையை நட்டு வைத்துச் சரசரவென்று உரித்துத் தள்ளினான். அதற்கப்புறம் ஒரு முறை 'சமாதானம் ஆகாமல்' வந்திருந்த மாமா அதைப் பார்த்துவிட்டு, "உரிக்கறதுல பையன் கெட்டிதான்" என்று சுவரிடம் சொன்னார். அம்மாவிடமும் அதைச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு மாமா கையில் அம்மா சுட்ட முறுக்கு வரத் தொடங்கியது.

மாதம் முடிந்தது. ரிசல்ட்டுக்காக இருவரும் கீழே போய் நின்றோம். டெஸ்டிங் எங்கள் தாளை வரி வரியாகப் பார்த்தார். தேங்காய் மூட்டையை ஏற்றி வந்த ஆட்டோக் கூலி, உரிக்கக் கடப்பாரை வாடகை, மிச்சத் தேங்காயை எண்ணெய் ஆட்டிய கூலி என்று பட்ஜெட் நார்நாராகக் கிழிந்திருந்தது.

"ஃபெயிலுங்க" என்றார்.

"தேங்கா சும்மா வந்ததுதானுங்களே, அது வரவு" என்று வாதாடினேன்.

"வரவும் லோடுதானுங்க அம்மணி."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஹாஸ்டலில் என் கட்டிலுக்கு வேறு பெண் வந்திருந்தாள். வெளியே இன்னும் ஊர் நிறைய மச்சினன்கள். ஸ்டீபன் அட்வான்ஸ் எப்போது கிடைக்கும் என்று மெதுவாகக் கேட்டான்.

"அட்வான்ஸா? எதுக்குங்க?" என்றார் டெஸ்டிங். "ஃபெயிலான யூனிட்டை வெளிய அனுப்பக் கூடாதுங்க, கம்பெனி பேரு கெட்டுப்போகும். ரீடெஸ்ட்டுதான் போடோணும்." ஒரு சிவப்பு அட்டையில் 'மறு டெஸ்டிங்' என்று எழுதி, எங்கள் கதவுக் கைப்பிடியில் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டிவிட்டுப் போனார்.

அடுத்த மாதமும் ஃபெயில். அதற்கடுத்த மாதமும் அப்படியே. ஸ்டீபனுக்கு நல்ல வேலை கிடைத்தது, பட்ஜெட்டில் தேங்காய் மட்டுமல்ல, முந்திரிக்கே இடம் வந்தது, அப்போதும் ஃபெயில்தான். "இப்பத்தானுங்க ஃபேன் வாங்கியிருக்கீங்க, அதோட ஓட்டிப் பாக்கோணும்" என்பார். பாஸாகாத குடித்தனத்துக்கு வாடகை ஏற்றுவது அவர் வழக்கத்தில் இல்லை. நாங்கள் ஆசை ஆசையாக ஃபெயிலானோம். எங்கள் மகளுக்குக் காது குத்தியபோது, முன்பின் தெரியாமல் நாங்கள் மொய் எழுதிய அந்தக் கல்யாண வீட்டார் குடும்பத்தோடு வந்து இறங்கி, மொய்யைக் கூட்டித் திருப்பி எழுதினார்கள். என் வீட்டார் பக்கம் அவர்களையும் உட்கார வைத்தோம். மாமா மடியில் வைத்துத்தான் காது குத்தினோம்.

ஸ்டீபனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்து, வீட்டைக் காலி செய்தோம். சாமான் ஏற்றிய வண்டி வாசலில் நின்றது. அக்கா என் மகளை இறக்கவே மாட்டேன் என்று இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். டெஸ்டிங் எங்கள் பக்கமே வராமல், கட்டிய கயிறு தாங்குமா என்று வண்டியைச் சுற்றிச் சுற்றி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்ணா, இத்தனை வருசம் ஓட்டிப் பாத்தீங்க. இப்பவாச்சும் நாங்க பாஸுங்களா?" என்று கேட்டேன்.

கயிற்றை இழுத்தபடியே, எங்களைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"மொத மாசமே பாஸுங்க அம்மணி. பாஸ் பண்ணிப்போட்டா வெளிய அனுப்போணுமேங்க."

அந்தச் சிவப்பு அட்டையைக் கைப்பிடியோடு கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கதவில் அதுதான் தொங்குகிறது, கழற்ற எங்களுக்கு மனசு வரவில்லை.